சேணத்தின் பள்ளம்

டார்ச் விளக்கைத் தொட்டித் தண்ணீருக்குள் அடித்ததும் முர்தினி எதையும் தேடுவதில்லை. கையை ஆட்டாமல், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். ஆள் நிழல் பட்டதும் கொசுப்புழுக்கள் நெளிந்து அடிக்குப் போய்விடும். தண்ணீர் பளிங்கு போலத் தெரியும். அவசரக்காரர்கள் 'சுத்தம்' என்று நோட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முர்தினி நகர்வதில்லை. மனதுக்குள் அறுபது வரை எண்ணுகிறார். நாற்பதைத் தாண்டும்போது, அறுந்த மயிரிழை போல ஒன்று வளைந்து வளைந்து மேலே வருகிறது. அதன் பின்னால் இன்னொன்று.

"வந்துட்டியா? உனக்கும் மூச்சு விடணும்ல?" என்று அதனிடம் கேட்கிறார். பிறகு தலையைத் திருப்பாமலே வெளியே நிற்கும் பிள்ளைகளிடம் சொல்கிறார்: "மூணாம் நம்பர் தொட்டி. அடைப்பானப் பிடுங்குங்க. தேய்க்கிற நாரு எங்க? லே, வேடிக்கை பாக்குறவன்தான் முதல்ல தேய்க்கணும்."

ஜாவாவின் வடகரையில், கடல் ஏறும் நாட்களில் தெருவெல்லாம் கணுக்கால் அளவுக்கு உப்புத்தண்ணீர் நிற்கிற கரங்பாசிர் குடியிருப்பில், தொடக்கப் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை காலை இப்படித்தான் விடிகிறது. ஏழு கழிப்பறை, ஏழு தொட்டி. கழுவி முடித்ததும் ஒவ்வொன்றிலும் வாய்க்காலில் பிடித்த பொடிமீன்கள் மூன்றை விடுகிறார். "இவங்கதான் நம்ம காவல்காரங்க. சம்பளம் கேக்க மாட்டாங்க, லீவு எடுக்க மாட்டாங்க." பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் கேட்ட வேடிக்கைதான். ஒவ்வொரு வாரமும் சிரிக்கிறார்கள்.

பதிவேட்டில் அவர் உடற்பயிற்சி ஆசிரியை. வயது நாற்பத்தெட்டு. குட்டை உருவம், வெயிலில் கறுத்த முகம், முக்காட்டுக்கு மேலே தொங்கும் விசில். சுகாதார அறையின் சாவி ஒன்பது வருடமாக அவரிடம்தான் இருக்கிறது. கட்டில் இரண்டு, மெத்தை ஒன்று, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, ஒரு கால் ஆடாமலிருக்க அடியில் ஏதோ முட்டுக்கொடுத்த மேசை ஒன்று. அதன் மேல் நீல அட்டை போட்ட காய்ச்சல் நோட்டு. பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு எண்ணை எழுதுவார். எத்தனை டிகிரி என்பதல்ல அந்த எண். எத்தனாவது நாள் என்பது.

வராந்தாவில் எதிர்ப்படும் பிள்ளை கொஞ்சம் சோர்ந்திருந்தால் போதும், "எத்தனாவது நாள்?" என்பார். இருமினால், "எத்தனாவது நாள்?" ஒருமுறை கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி தும்மியபோதும் வாய் தவறிக் கேட்டுவிட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இபு எத்தனாநாள்'. இங்கே டீச்சரை இபு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா என்றும் அதற்குப் பொருள். பட்டப்பெயர் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "நல்ல பேருதானே, ரெண்டு வார்த்தையில பாடம் முடிஞ்சுது" என்றாராம்.

இன்னொரு வழக்கம்தான் ஊரை முகம் சுளிக்க வைக்கிறது. காய்ச்சல் என்று வந்த பிள்ளையின் நெற்றியை மற்றவர்கள் தொடுவார்கள். முர்தினி குனிந்து காலணியைக் கழற்றிக் கால்விரல்களைப் பிடிப்பார். பெரியவர்கள் சின்னவர்களின் காலைத் தொடுவது இந்தப் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். "ஐயோ இபு, என்ன இது, பாவம் எங்களுக்கு" என்று தாய்மார்கள் பதறுவார்கள். அவர் விடமாட்டார். "நெத்தி ஏமாத்தும். அதை நான் ஒரு தடவ நம்பிட்டேன்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

அவருடைய பெரிய சண்டை ஒரு சொல்லோடு. இந்தத் தீவில் பிறந்தவர்களுக்குக் காய்ச்சல் வராது. காற்றுதான் புகும். தலைவலி, வயிற்றுப் பொருமல், வாந்தி, மயக்கம் எல்லாமே காற்று. மழையில் நனைந்தால் காற்று, சட்டையில்லாமல் படுத்தால் காற்று, பட்டினி கிடந்தாலும் காற்று. பட்டினிக்கு இதைவிட வசதியான பெயர் வேறெந்த மொழியிலும் இருக்காது. புகுந்ததை வெளியேற்ற, முதுகில் தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் முதுகெலும்பிலிருந்து விலாப்பக்கமாக மீன்முள் போலக் கோடு கோடாகச் சுரண்டுவார்கள். தோல் எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று வெளியேறியது என்று நிம்மதி. குடிசையிலும் உண்டு, குளிர்சாதனம் போட்ட வீட்டிலும் உண்டு.

"காத்து பூந்துடுச்சு இபு" என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும்.

"எந்த வழியா?"

பிள்ளை மூக்கைத் தடவிப் பார்க்கும்.

"வாய் வழியாவா, காது வழியாவா? கதவு எங்கேன்னு காட்டு. நான் போய்ப் பூட்டிட்டு வர்றேன்."

"தெரியல இபு. அம்மா சொன்னாங்க."

"அம்மாவுக்கு யாரு சொன்னது? காத்தே வந்து சொல்லிச்சா? சரி, காலைக் காட்டு. எத்தனாவது நாள்?"

சுரண்டினால் உடம்புக்குச் சுகமாக இருக்கிறது என்பதை அவர் மறுப்பதில்லை. அவருடைய கோபம் வேறு. டெங்கு வந்த உடம்பில் தோலுக்கடியில் ஊசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். ஆபத்து வருகிறது என்று உடம்பு எழுதிக் காட்டுகிற எழுத்து அது. நாணயக் கோடுகள் அந்த எழுத்தின் மேலேயே சிவப்பு மையைக் கொட்டிவிடுகின்றன. அன்போடு, தைலத்தோடு, தாயின் கையால்.

மழைக்காலம் தொடங்கும் வாரத்தில், பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் வகுப்பின் கரும்பலகையில் ஒரு குதிரை வரைகிறார். அவருக்கு ஓவியம் வராது. நாய் என்பார்கள், ஆடு என்பார்கள். "வாலை நீளமா போடுங்க இபு, அப்பத்தான் குதிரை" என்பார்கள். குதிரையின் முதுகில் சேணம் ஒன்றைப் போட்டதும் வகுப்பு அடங்கிவிடும்.

"முன்னாடி ஒரு மேடு. இது முதல் மூணு நாள். உடம்பு கொதிக்கும். அம்மா அழுவாங்க, அப்பா வேலைக்குப் போகாம உக்காந்திருப்பாரு. சரியா? இப்ப இங்க பாருங்க, நாலாம் நாள்." சுண்ணக்கட்டி சேணத்தின் பள்ளத்தில் இறங்கும். "சூடு இறங்கிடுச்சு. என்ன பண்ணுவீங்க?"

"பள்ளிக்கூடம் வருவோம்!"

"அம்மா?"

"சிரிப்பாங்க!"

"சாவு எங்க உக்காந்திருக்கு?"

அவர் பள்ளத்தில் ஒரு புள்ளி வைப்பார். சுண்ணக்கட்டி உடையும் அளவுக்கு அழுத்தி வைப்பார்.

அறிவுரை சொல்கிற ஆசிரியை என்று அவரை நினைத்துவிட வேண்டாம். அறிவுரை என்றாலே அவருக்கு எரிச்சல். 'வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவி ஊற்றுங்கள்' என்ற வண்ணச் சுவரொட்டி வந்தபோது, குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "எங்க தெருக் குழாயில மூணு நாளைக்கு ஒரு தடவ தண்ணி வருது. கழுவி ஊத்திட்டு மறுநாள் எதுல குளிக்கிறது? இந்தப் போஸ்டரை நனைச்சு உடம்பைத் துடைச்சுக்கறதா?" கொசுவுக்குப் புகையடிக்கும் ஆட்கள் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், பெரிய வாசற்கதவுள்ள வீடுகளுக்கு மாதாமாதம் வருகிறார்கள். அங்கே எல்லா வீட்டிலும் நாள் முழுக்கக் குழாய் ஓடுகிறது. தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பக்கம் புகை வேண்டுமென்றால் விண்ணப்பத்தோடு மருத்துவமனைச் சான்று வைக்க வேண்டும். "நம்ம தெருவுக்குப் புகை வரணும்னா முதல்ல ஒரு சவம் போகணும்" என்றார் முர்தினி. கூட்டக் குறிப்பில் அந்த வாக்கியம் பதிவாகவில்லை. நோயைத் தருவது கொசு. யாருக்குத் தருவது என்று தீர்மானிப்பது கொசு அல்ல.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார். நாலாம் வகுப்பில் புஸ்பிதா என்று ஒரு சிறுமி. நீளம் தாண்டுவதில் கெட்டிக்காரி. மைதானத்தில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவளை முர்தினிதான் சுகாதார அறைக்குத் தூக்கிப்போனார். உடம்பு கொதித்தது. காற்று என்றுதான் அவருக்கும் தோன்றியது. கைப்பையில் அவருடைய அம்மா கொடுத்த பழைய செப்புக்காசு எப்போதும் இருக்கும். டச்சுக்காரர் காலத்துக் காசு, கனமானது, விளிம்பு தேய்ந்து வழவழப்பானது, சுரண்டுவதற்கு இதைப்போல வேறில்லை என்று பேர்பெற்றது. தைலம் தடவிச் சுரண்டினார். முதுகு ரத்தச் சிவப்பானது. "பாத்தியா, எவ்வளவு காத்து!" என்றார். சிறுமி சிரித்தாள்.

மூன்று நாள் கழித்துத் தேர்வு. காய்ச்சல் விட்டிருந்ததால் புஸ்பிதா வந்துவிட்டாள். பாதித் தேர்வில் வயிறு வலிக்கிறது என்றாள். முர்தினி அவளைப் படுக்கவைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. "காய்ச்சலே இல்லையே கண்ணு. கொஞ்சம் படுத்துட்டுப் போய் எழுது" என்றார். போர்வையை இழுத்து மூடும்போது அவருடைய புறங்கை சிறுமியின் பாதத்தில் பட்டது. தொட்டித் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. வெறுங்காலோடு நடந்து வந்த தரையின் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டார். மாலையில் மருத்துவமனைக்குத் தூக்கிப்போனபோது நாடி கிடைக்கவில்லை.

ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. "மேல இருக்கறவன் குடுத்தான், எடுத்துக்கிட்டான்" என்றார் சிறுமியின் தந்தை, கைகூப்பி நன்றி வேறு சொன்னார். அந்த நன்றிதான் முர்தினியால் செரிக்க முடியாமல் போனது. மேலே இருக்கிறவன் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. அவர் நூலகத்துக்குப் போனார். டெங்குவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். சுகாதார நிலையத்து நர்ஸிடம் இரண்டு மாதம் மாலையில் போய் உட்கார்ந்து, ரத்த அழுத்தப் பட்டை கட்டக் கற்றுக்கொண்டார். பிறகு தலைமை ஆசிரியரிடம் போய்ச் சுகாதார அறையின் சாவியைக் கேட்டு வாங்கினார். செப்புக்காசு அந்த அறை மேசையின் ஆடுகிற காலுக்கடியில் கிடக்கிறது.

இந்த வருடம் 'ஆரோக்கியப் பள்ளி' போட்டி வந்தது. மாவட்டத்தில் முதலாவதாக வரும் பள்ளிக்குக் கூரை போட்டுத் தருவதாக அறிவித்திருந்தார்கள். கரங்பாசிர் பள்ளியில் இரண்டு வகுப்புகளுக்குக் கூரை பாதிதான். மழை வந்தால் பிள்ளைகள் மேசையைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டு உட்காருவார்கள். தலைமை ஆசிரியர் தர்மாஜி கெட்ட மனிதர் இல்லை. தன் வீட்டுப் பூந்தொட்டிகளை எல்லாம் பள்ளிக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார், ஒவ்வொன்றுக்கும் அடியில் தண்ணீர் தேங்கும் தட்டோடு. கழிப்பறைத் தொட்டிகளை விளிம்புவரை நிரப்பச் சொன்னார். மீன்களைப் பிடித்து வெளியேற்றச் சொன்னார்.

"மீன் எச்சம் போடுது இபு. நடுவருங்க பாத்தா அருவருப்பா இருக்கும்."

"கொசு போட்டாப் பரவாயில்லையா, பாக்?" இங்கே ஐயா என்பதற்குப் பாக்.

"ஒரே வாரம். அனுசரிச்சுப் போங்க. அப்புறம் அந்தக் காய்ச்சல் நோட்டு... இந்த வாரம் அதுல எதுவும் எழுத வேண்டாம். ஆரோக்கியப் பள்ளிக்குப் போட்டி போட்டுட்டு நோயாளிங்க பேரை நாமளே எழுதிக் காட்டுவமா?"

"எழுதலேன்னா சூடு இறங்கிடுமா?"

"கூரை இபு, கூரை! மழைக்காலம் வாசல்ல நிக்குது."

போட்டியில் 'குட்டி டாக்டர்' ஒருவர் நடுவர்கள் முன் நாலு நிமிடம் பேச வேண்டும். ஆறாம் வகுப்பு செனோவைத் தேர்ந்தெடுத்தவர் முர்தினியே. மெல்லிய பையன், கணீரென்ற குரல். தந்தை கப்பலில் சமையல்காரர், வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். தாய் லஸ்த்ரி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். டெங்கு எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுப்பது, சேணத்தின் பள்ளம் என்றால் என்ன என்று அத்தனையும் செனோவுக்கு மனப்பாடம். பேச்சில் குதிரையையும் சேர்த்தது அவனுடைய யோசனை.

செவ்வாயும் புதனும் செனோ வரவில்லை. "வீட்ல பேச்சுப் பழகுறான்" என்றார் தர்மாஜி. மகனுக்குக் காற்று புகுந்துவிட்டது, இரண்டு நாளில் வந்துவிடுவான் என்று லஸ்த்ரி திங்கள் இரவே தலைமை ஆசிரியரின் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அது முர்தினிக்குத் தெரியாது.

வியாழன் காலை. வாசலில் ஆசிரியர்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியரின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு போகும், அது அன்றாட வழக்கம். முரசுக் குழு சிவப்புச் சட்டையில் தயாராக நின்றது. செனோ வெள்ளைக் கோட்டு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி வந்தான். பின்னால் லஸ்த்ரி, மகன் பேசுவதைப் பார்க்கத் தொழிற்சாலையில் இரண்டு மணிநேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

செனோ முர்தினியின் கையைப் பிடித்து நெற்றியில் வைத்தான். நெற்றி குளிர்ந்திருந்தது. கையைப் பிடித்த விரல்களும் குளிர்ந்திருந்தன.

அவர் கையை விடவில்லை.

"எத்தனாவது நாள்?"

"ஒண்ணுமில்ல இபு. சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சான்னு கேட்டேனா? எத்தனாவது நாள்?"

பையன் தாயைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். பாடத்தை ஒப்பிக்கத் தெரிந்தவன். விடை அவனுக்குத் தெரியும். "நாலு" என்றான், வாய்க்குள்.

முர்தினி அங்கேயே, அத்தனை பெற்றோர் முன்னிலையில், மண்டியிட்டு அவனுடைய காலணியைக் கழற்றினார். காலுறையை உருவினார். யாரோ சிரித்தார்கள். லஸ்த்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. "இபு, எல்லாரும் பாக்குறாங்க. காலைல காய்ச்சலே இல்ல. ரெண்டு நாளும் ராத்திரி நல்லா சுரண்டிவிட்டேன், காத்தெல்லாம் போயிடுச்சு."

"வயிறு வலிக்குதா, லே?"

"கொஞ்சம். பேசப்போற பயத்துல வலிக்குதுன்னு அம்மா சொன்னாங்க."

"வாந்தி?"

"காலைல ரெண்டு தடவ."

பாதம் தொட்டித் தண்ணீர் போல இருந்தது.

சுகாதார அறையில் வெள்ளைக் கோட்டைக் கழற்றினார்கள். முதுகு முழுக்க மீன்முள்ளாகச் சிவப்புக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று, இரண்டு நாள் அன்பு. அதில் எதையும் படிக்க முடியவில்லை. முர்தினி ரத்த அழுத்தப் பட்டையை அவனுடைய கையில் கட்டிக் காற்றடித்து அப்படியே நிறுத்தினார். டெங்கு என்றால் இறுக்கிய இடத்துக்குக் கீழே புள்ளிகள் எழும், அதற்கு ஐந்து நிமிடம் நிறுத்தவேண்டும். ஐந்து நிமிடம் வீணாக்க அவருக்கு மனமில்லை. ஒரு ஆசிரியரை வண்டி தேட அனுப்பிவிட்டு, ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையனுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்தார்.

தர்மாஜி ஓடிவந்தார். "என்ன இபு இது? ஒன்பது மணிக்கு அவங்க வர்றாங்க. ஒரு கொய்யாச் சாறு வாங்கிக் குடுங்க, தெம்பு வந்துடும்."

"கொய்யாப்பழத்துக்கு இவ்வளவு சக்தி இருந்தா ஆஸ்பத்திரியை இடிச்சுட்டுத் தோப்பு வைக்கலாம், பாக். ஒரு வண்டி வேணும்."

"என் வண்டியே இருக்கு, நடுவருங்களுக்குச் சாப்பாடு வாங்கிட்டு வர அனுப்பியிருக்கேன், இப்ப வந்துடும். அதுவரைக்கும் அவன் பேசிடட்டுமே. நாலே நிமிஷம். அவனைப் பாருங்க, நல்லாத்தானே உக்காந்திருக்கான்?"

"நல்லாத்தான் உக்காந்திருக்கான். பள்ளத்துல."

"இபு, ரெண்டு வகுப்புப் பிள்ளைங்க மழைல நனையுது. உங்களுக்கு அது தெரியாதா?"

"நனைஞ்ச பிள்ளையைத் துடைச்சுக்கலாம்" என்றார் முர்தினி.

செனோ கேட்டான்: "இபு, நான் பேசிட்டே போறேனே? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

அவர் பட்டையைத் தளர்த்தினார். முழங்கை மடிப்புக்குக் கீழே, நாணயம் தொடாத அந்தத் தோலில், புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. முதலில் ஏழெட்டு. பார்க்கப் பார்க்க இருபது, முப்பது. எண்ணுவதை நிறுத்திவிட்டார். தர்மாஜியும் பார்த்தார். அவருடைய கை, சட்டைப்பையில் இருந்த போனை ஒருமுறை தொட்டது. "திங்கக்கிழமையே எனக்குச் செய்தி வந்துச்சு" என்றார், எவரும் கேட்காமலே.

முர்தினி அவரை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவதற்கும் நேரம் வேண்டும்.

அந்நேரம் வாசலில் முரசுகள் முழங்கத் தொடங்கின. நடுவர்களின் வண்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. பட்டிக் அச்சுத்துணி உடுத்திய பெண் அதிகாரி முதலில் இறங்கினார், கழுத்தில் போட மல்லிகை மாலையோடு ஒரு சிறுமி முன்னால் வந்தாள். அந்தச் சிறுமியைத் தாண்டிக்கொண்டு, பையனைத் தோளில் போட்ட உடற்பயிற்சி ஆசிரியை வந்தார்.

"இந்த வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா."

"என்ன ஆச்சு? யாரு இந்தப் பையன்?"

"டெங்குவைத் தடுக்கிறது எப்படின்னு உங்களுக்குச் சொல்ல இருந்தவன். நாலாம் நாள். கால் ஜில்லுன்னு இருக்கு."

அதிகாரி ஒரு நொடி பையனுடைய வெறும் பாதத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் தானே திறந்துவிட்டார். லஸ்த்ரி மகனுடைய காலணிகளைக் கையில் பிடித்தபடி ஏறினாள். வண்டி திரும்பி வெளியேறும்வரை முரசு நிற்கவில்லை. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மருத்துவமனையில் உடனே சலைன் ஏற்றினார்கள். "ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசிய ஆரம்பிச்சிடுச்சு, ரத்தம் கெட்டியாகிட்டு வருது. இன்னிக்கும் நாளைக்கும் தாண்டணும்" என்றார் இளம் டாக்டர். அதற்கு மேல் உறுதி எதுவும் சொல்லவில்லை. லஸ்த்ரி நடைபாதைச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானே சுரண்டினேன் இபு. சிவக்கச் சிவக்கச் சந்தோசப்பட்டேன். ரெண்டு நாளு லீவு போட்டா வேலையில வச்சிருக்க மாட்டாங்க. காலைல சூடு இல்லேன்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு, சந்தோசத்துல. என் கையாலேயே..."

முர்தினி பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்பது வருடமாக எவரிடமும் பேசாததைப் பேசினார். நாலைந்து வாக்கியம்தான். புஸ்பிதா என்ற பெயர், நீளம் தாண்டுவாள் என்பது, நெற்றி, போர்வை, பாதம். "நானும் 'பாத்தியா எவ்வளவு காத்து'ன்னு சொன்னவதான், தங்கச்சி. அந்தக் காசு என் மேசைக் காலுக்கு அடியில கெடக்கு. நீ கெட்ட தாய் இல்ல. உனக்கு யாரும் சொல்லல. சொல்லவேண்டியவங்க உனக்குப் போஸ்டர் ஒட்டிட்டுப் போயிட்டாங்க."

லஸ்த்ரி மகனுடைய காலணிகளை மடியில் வைத்து, கயிற்றை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

வெள்ளிக்கிழமை தொட்டிகளைக் கழுவிவிட்டு, மீன்களைத் திரும்ப விட்டுவிட்டு முர்தினி வந்தபோதும் செனோ கண்ணைத் திறக்காமல் கிடந்தான். சனிக்கிழமை பிற்பகல், பார்வையாளர் நேரத்தில் மறுபடி வந்தார். தர்மாஜி அவருக்கு முன்பே வந்திருந்தார். கட்டிலோர மேசையில் கொய்யாச் சாறு பொட்டலம் ஒன்று. அதன் பக்கத்தில் நீல அட்டை நோட்டு. முர்தினி திறந்து பார்த்தார். காலியாக விட்டிருந்த அந்த வாரத்துப் பக்கத்தில், தலைமை ஆசிரியரின் அழகான சாய்வெழுத்தில் 'செனோ, ஆறாம் வகுப்பு' என்றும், திங்கள் தொடங்கி ஆறு நாளுக்கும் ஒன்று முதல் ஆறு வரை எண்களும் எழுதியிருந்தன.

"பரிசு பக்கத்துத் தாலுகாவுக்குப் போயிடுச்சு" என்றார் தர்மாஜி. "கூரைக்குத் தார்ப்பாய் கட்டச் சொல்லியிருக்கேன்." கொஞ்சம் தயங்கி, "அந்தச் சாறு அவனுக்கு இல்ல. அவங்கம்மாவுக்கு. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

முர்தினி தலையசைத்தார். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் கையை விட்டு விரல்களைப் பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார். தொட்டிக்கு முன்னால் நிற்பது போலவே, மூச்சை அடக்கி, உதடு அசையாமல் எண்ணியபடி. கட்டிலுக்குக் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்த லஸ்த்ரியின் ஒரு கை மேலே நீண்டு மகனுடைய மற்றப் பாதத்தைப் பிடித்திருந்தது.

"இபு" என்றான் செனோ, கண்ணைத் திறக்காமல். "கூசுது."

"கூசட்டும்" என்றார் முர்தினி. விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன.

கையை எடுத்துப் போர்வையைச் சரிசெய்தார். பார்வையாளர் நேரம் முடிகிறது என்று வாசலில் மணி அடித்தார்கள். தர்மாஜி எழுந்து கதவருகில் போய்க் காத்திருந்தார். முர்தினி கதவுக்கு வரவில்லை. அடுத்த கட்டிலில் யாரென்று தெரியாத ஒரு சிறுமி படுத்திருந்தாள். பக்கத்தில், காய்ச்சல் விட்ட நிம்மதியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த தாய் நிமிர்ந்து பார்த்தாள். முர்தினி அந்தக் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, போர்வையின் நுனியைத் தூக்கினார்.

"எத்தனாவது நாள்?"